கவிழ்ந்து மிதக்கும் வண்ண மீன்: காற்றுப்பைக் கோளாறும் அதற்குச் செய்ய வேண்டுவனவும்

மழை பொய்த்த ஆண்டுகளில் உழவை மட்டும் நம்பியிருப்பது எத்துணை இடர்ப்பாடானது என்பதைத் திண்டுக்கல் சமவெளியில் வாழும் உழவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கறவை மாடு, கோழி, ஆடு ஆகியவற்றோடு வண்ண மீன் வளர்ப்பையும் உபதொழிலாகக் கைக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. கொல்லைப்புறத்தில் நான்கு சிமெண்டுத் தொட்டிகள், காற்றுச் செலுத்தும் சிறு பம்பு ஒன்று, நாள்தோறும் ஒரு மணி நேர உழைப்பு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். 2020 ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனாவில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்புக்கென 3 இலட்சம் ரூபாய் மதிப்பீடு வகுக்கப்பெற்றது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாகக் குறிக்கப்பெற்றன. விண்ணப்பிக்க எண்ணுவோர், அவ்வாண்டில் நடைமுறையிலுள்ள விதி யாது என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நன்று.

மானியம் தொட்டியைக் கட்டித் தரும். தொட்டிக்குள் இருக்கும் மீனைக் காப்பாற்றி விற்பனைக்குக் கொண்டுவருவதோ வளர்ப்பவர் பொறுப்பு. அங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். நேற்று வரை துள்ளி நீந்திய மீன் இன்று காலையில் வயிறு மேலாகக் கவிழ்ந்து மிதக்கிறது. அல்லது தலை கீழாக நிற்கிறது. அல்லது அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. செவுள் அசைகிறது, கண் விழித்திருக்கிறது, உயிர் போகவில்லை. ஆயினும் அம்மீனை எந்த வியாபாரியும் வாங்க மாட்டார். இத்தகைய மீனுக்குக் ‘காற்றுப்பைக் கோளாறு’ என்று பெயர் சொல்லி, கடையில் விற்கும் நீல மருந்தையும் மஞ்சள் மருந்தையும் வாங்கி ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. மருந்துச் செலவு ஏறுகிறது, மீனும் பிழைப்பதில்லை. நோய் காட்டும் இடம் காற்றுப்பையாக இருப்பினும், நோய் தொடங்கிய இடம் பெரும்பாலும் வேறாக இருப்பதே இதற்குக் காரணமாகும்.

சுரைக்குடுக்கையும் காற்றுப்பையும்

கிணற்றில் நீந்தக் கற்கும் சிறுவனுடைய இடுப்பில் உலர்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவது நம் ஊர்ப் பழக்கம். குடுக்கைக்குள் இருக்கும் காற்று சிறுவனைத் தாங்கி நிற்கிறது. மீனுக்கோ அக்குடுக்கை உடம்புக்குள்ளேயே அமைந்திருக்கிறது. முதுகெலும்புக்குக் கீழே, குடலுக்கு மேலே, வெண்மையான மெல்லிய தோலால் ஆன பை ஒன்று காற்று நிறைந்து கிடக்கும். கெண்டை மீனை அறுத்துக் கறிக்கு ஆக்கும் பெண்கள் இதனை நன்கு அறிவர். கெண்டை இனத்தில் இப்பை நடுவில் இடுங்கி இரண்டு அறைகளாக இருப்பதால், பார்வைக்கும் சுரைக்குடுக்கையைப் போலவே தோன்றும். கடற்கரையில் கூறல் மீனின் காற்றுப்பையை ‘நெட்டி’ என்று கூறி உலர்த்தி விற்பதும் உண்டு.

மீனின் தசையும் எலும்பும் நீரைக் காட்டிலும் சற்றுக் கனமானவை. பை இல்லையேல் மீன் ஓயாமல் துடுப்பை அடித்துக்கொண்டிருந்தாலன்றி அடியில் அமிழ்ந்துவிடும். நன்னீர் மீன்களில் உடலின் பருமனில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு இந்தக் காற்றே ஆகும். அதாவது, 100 மில்லிலிட்டர் பருமனுள்ள மீனுக்குள் 7 அல்லது 8 மில்லிலிட்டர் காற்று இருந்தால், அது மேலும் எழாமல் கீழும் அமிழாமல் நின்ற இடத்தில் நிற்கும். அந்த அளவு சிறிது மிகுந்தாலும் குறைந்தாலும் சமநிலை குலையும். குடல் உப்பிப் பையை நெருக்கினாலும் அதே விளைவு ஏற்படும்.

மீன்களில் இருவகை உண்டு. தங்க மீனும், நம் கண்மாய்களில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளும் ஒரு வகை. இவற்றில் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு நுண்ணிய குழாய் ஒன்று செல்கிறது. மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிப் பையை நிரப்பிக்கொள்ளும். மிகுந்தால் அவ்வழியே வெளியேற்றும். சண்டை மீன், ஏஞ்சல் மீன், கப்பி முதலியவை மற்றொரு வகை. வளர்ந்த பின் இவற்றுக்கு அக்குழாய் இல்லை. இரத்தத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்துப் பைக்குள் செலுத்தும் சுரப்பி ஒன்று அவ்வேலையைச் செய்கிறது.

இன்னொரு செய்தியையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். தங்க மீனுக்கும் கெண்டைக்கும் இரைப்பை கிடையாது. விழுங்கிய இரை நேரே நீண்ட குடலுக்குள் சென்றுவிடும். மாட்டைப் போல் ஒரே வேளையில் நிறையத் தின்று சேமித்து வைக்கும் அமைப்பு அதற்கு இல்லை. எனினும் போட்டதையெல்லாம் தின்னும் ஆசை மட்டும் உண்டு! இதை மறந்து கைப்பிடி கைப்பிடியாகத் தீவனம் இடுவோர் தங்கள் மீனைத் தாங்களே கவிழ்க்கின்றனர்.

முதலில் காண வேண்டியது

நிலக்கோட்டைப் பக்கத்தில் ஓர் அம்மையார் வீட்டுக் கொல்லையில் தங்க மீன் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டியில் 120 மீன்கள். குட்டையான, உருண்ட உடலும் தலையில் பூப்போன்ற சதையும் உடைய ஒராண்டா வகை. வியாபாரி வர ஒரு வாரம் இருக்கையில் 11 மீன்கள் கவிழ்ந்து மிதக்கின்றன. ஊராட்சி உறுப்பினர் ஒருவர் தமக்குத் தெரிந்த பண்ணைக்காரரை அழைத்து வருகிறார். வந்தவர் மருந்தின் பெயரைச் சொல்லுவார் என்று அம்மையார் எதிர்பார்க்க, அவரோ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்.

“அம்மா, காலையில் விடிந்ததும் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா?”

“இல்லை அண்ணா. இந்தப் பதினொன்று மட்டுந்தான். மற்றவை நன்றாகவே ஓடுகின்றன.”

“கவிழ்ந்த மீன்களின் செதில் சிலிர்த்து நிற்கிறதா? உடம்பில் புண் உண்டா?”

“அப்படி ஒன்றும் காணோம். வயிறு மட்டும் உப்பியிருக்கிறது.”

“என்ன தீவனம், எத்தனை வேளை?”

“மிதக்கும் குருணைத் தீவனம் இரண்டு வேளை. சீக்கிரம் பருக்கட்டுமென்று ஒரு வாரமாகக் கடலைப்புண்ணாக்கும் சேர்த்துப் போடுகிறேன்.”

இந்த மூன்று கேள்விகளே பாதி மருத்துவம் எனலாம். விடியற்காலையில் தொட்டியிலுள்ள அனைத்து மீன்களும் மேலே வந்து வாய் பிளந்தால், அது காற்றுப்பை நோயன்று. நீரில் உயிர்வளி குறைந்துவிட்டது என்பதன் அடையாளம். அதற்குக் காற்றுப் பம்பும் புது நீருமே மருந்து. (சண்டை மீன் மட்டும் இயல்பாகவே மேலே வந்து காற்றை உட்கொள்ளும், அதைக் கண்டு அஞ்ச வேண்டா.) செதில்கள் அன்னாசிப் பழத்தின் மேல் தோல் போலச் சிலிர்த்து, உடல் முழுதும் வீங்கியிருந்தால், உள்ளுறுப்புகளில் நோய் பற்றி நீர் கோத்துக்கொண்டது என்று அறிய வேண்டும். அது பிழைப்பது அரிது. பிற மீன்களிடமிருந்து அதனை உடனே பிரிக்க வேண்டும். இவ்விரண்டும் இன்றி, சில மீன்கள் மட்டும் தின்ற பின் சாய்ந்தும், வயிறு உப்பியும், கழிவு வெளியேறாமலும் அல்லது நூல் போல நீண்டு தொங்கியும் காணப்படுமாயின், குற்றம் குடலில் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். பூட்டு திறக்கவில்லை என்றதும் சுத்தியலை எடுப்பவரை நம்மவர் நகைப்பர். சாவி சரியா என்று முதலில் பார்ப்பர். மீன் கவிழ்ந்ததும் மருந்துப் புட்டியை எடுப்பதும் அத்தகையதே.

குடலால் வரும் கோளாறு

உலர்ந்த குருணைத் தீவனம் நீரை உறிஞ்சிப் பருக்கும் இயல்புடையது. உலர்ந்தபடியே விழுங்கப்பட்டால் குடலுக்குள் சென்று உப்பும். மிதக்கும் தீவனமாயின், மேலே வந்து அதைக் கவ்வும்போது காற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். குருணையும் காற்றும் குடலில் தேங்கி மேலே உள்ள பையை நெருக்கும். நீண்ட உடலுடைய சாதாரணத் தங்க மீனுக்கு இதைத் தாங்க இடம் உண்டு. ஒராண்டா, ரியூக்கின், ரான்ச்சு போன்ற உருண்டை வகைகளுக்கோ இடமே இல்லை. சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழகுக்கென்றே தெரிந்தெடுத்து வளர்த்ததன் பயனாக முதுகெலும்பு குறுகி, உடல் உருண்டு, உள்ளுறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்குண்டு கிடக்கின்றன. காற்றுப்பையும் உருமாறியிருக்கும். மனிதர் கண்ணுக்கு இனிமை. மீனுக்குத் தீராத தொல்லை! புதிதாகத் தொழில் தொடங்குவோர் விலை மிகுதி என்பதற்காக இவ்வகைகளில் இறங்காமல், காமெட் போன்ற நீள உடல் தங்க மீனிலும் கப்பியிலும் ஓராண்டு கைபழகிய பின் இவற்றை எடுப்பது நலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

செய்ய வேண்டுவது எளிது. கவிழ்ந்த மீன்களை அகன்ற தொட்டியொன்றுக்கு மாற்றுக. தாய்த் தொட்டி நீரிலேயே பாதியும், ஒருநாள் ஆறவைத்த தூய நீரில் பாதியும் கலந்து ஊற்றுக. நீரின் உயரம் மீனின் உடல் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். ஆழம் குறைந்தால் மீன் மேலும் கீழும் போராடிச் சோர்வதில்லை. நிழலில் வைத்து, மெதுவாகக் காற்றுச் செலுத்துக. இரண்டு நாளைக்கு யாதொரு தீவனமும் இட வேண்டா. நோய் கடுமையாயின் மூன்று நாள். பட்டினியால் மீன் செத்துவிடுமே என்று இரக்கப்பட்டு நடுவில் ஒரு சிட்டிகை தூவுவோர் உண்டு. வளர்ந்த தங்க மீன் ஒரு வாரம் இரையின்றி இருந்தாலும் கெட்டுவிடாது. குஞ்சுகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அவற்றை ஒருநாளுக்கு மேல் பட்டினி போடலாகாது.

மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் பச்சைப் பட்டாணியை நன்கு வேகவைத்துத் தோலை உரித்து, மீன் வாய்க்கு ஏற்றவாறு நசுக்கி, மீன் ஒன்றுக்கு அரைப் பட்டாணி வீதம் கொடுக்கலாம். கொடைக்கானல் மலையில் விளையும் பட்டாணி நம் பக்கத்துச் சந்தைகளுக்கு வருகிறது. உலர் பட்டாணியை ஊறவைத்து வேகவைத்தாலும் குற்றமில்லை. உப்போ எண்ணெயோ சேரலாகாது. பட்டாணி அமிழ்ந்து செல்வதால் மீன் காற்றை விழுங்குவதில்லை. அதன் நார் குடலை இளக்குகிறது. பட்டாணிக்குப் பெயர் பெரிது. ஆனால் பாதிப் பயன் அதற்கு முந்திய பட்டினியால் வந்ததே என்பதையும் சொல்லிவிட வேண்டும். சண்டை மீனுக்குப் பட்டாணி ஒவ்வாது. அது புழு பூச்சி தின்னும் இனம். ஒன்றிரண்டு நாள் பட்டினிக்குப் பின் அதற்குக் கொசுப்புழுவோ டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியோ சிறிது கொடுத்தல் வேண்டும்.

கழிவு வெளியேறவில்லையெனில் எப்சம் உப்பை, அதாவது மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பை, 10 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கரைத்து, தனித் தொட்டியில் மட்டும் இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம். பெருந்தொட்டியில் கொட்ட வேண்டா.

நம் அம்மையாரின் 11 மீன்களில் ஏழோ எட்டோ ஐந்தாம் நாளுக்குள் நிமிரக்கூடும். எல்லாம் நிமிரும் என்று சொல்வது வீண் நம்பிக்கை ஊட்டுவதாகும். பை நிலையாகச் சிதைந்தவை, முட்டை அடைத்துக்கொண்டவை, சிறுநீரகத்தில் கட்டி வளர்ந்தவை ஆகியன பட்டினிக்கு இசைந்து வரா. ஒருமுறை நிமிர்ந்தும் மாதந்தோறும் கவிழும் மீனை விற்பனைக்கும் அனுப்பலாகாது; இனப்பெருக்கத்துக்கும் வைக்கலாகாது. அதன் உருவக்கேடு குஞ்சுகளுக்கும் இறங்க இடமுண்டு.

நீரால் வரும் கோளாறு

திண்டுக்கல் சமவெளியில் வண்ண மீன் வளர்ப்போர் தீவனத்துக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டியது நீரையே. ஆழ்துளைக் கிணற்று நீர் நெடுந்தொலைவு நிலத்துக்குள் அழுத்தத்தில் கிடந்து வருவது. அதில் உயிர்வளி குறைவு. கரியமில வாயுவும் நைட்ரஜனும் மிகுதியாகக் கரைந்திருக்கலாம். அதை மோட்டாரிலிருந்து நேரே தொட்டிக்குள் விட்டால், கரைந்த வாயு மீனின் உடலுக்குள்ளேயே குமிழியாகப் பிரியும். சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் எழுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். கண்ணிலும் துடுப்பிலும் நுண்குமிழிகள் தோன்றுவதோடு, குஞ்சுகளில் காற்றுப்பை அளவுக்கு மீறி உப்பி அவை மேலேயே மிதந்து மடியும். இதற்குப் பரிகாரம் காசில்லாதது: நீரை மூன்றடி உயரத்திலிருந்து துளையிட்ட தகரத்தின் வழியே மழைபோல் விழச் செய்து, ஒருநாள் திறந்த தொட்டியில் நிறுத்திப் பிறகு பயன்படுத்த வேண்டும். குழாயில் வரும் குடிநீராயின் அதில் குளோரின் கலந்திருக்கும். அதற்கும் ஒருநாள் காற்றோட்டத்தோடு ஆறவைத்தலே வழி.

நீர் தெளிவாக இருந்தால் தூய்மையாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மீனின் கழிவும் தின்னாத தீவனமும் அழுகி அம்மோனியாவாக மாறும். அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் காரத்தன்மை உடையதாயும் வெப்பம் மிகுந்ததாயும் இருந்தால் அதன் நஞ்சு பன்மடங்காகும். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது, கோடையோ கடுமையானது. ஆகையால், மதுரையிலோ சென்னைக் கொளத்தூரிலோ ஒருவர் கடைப்பிடிக்கும் தீவன அளவை இங்கே அப்படியே பின்பற்றினால் நட்டம் நேரலாம். அம்மோனியாவால் நலிந்த மீனைப் பாக்டீரியாக்கள் எளிதில் பற்றும். அவை காற்றுப்பையையும் அழற்சியுறச் செய்யும். மூன்று நாளுக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி அகற்றிப் புது நீர் சேர்ப்பது, எத்தனை மருந்தைக் காட்டிலும் மேலானது. ஒரேயடியாக முழு நீரையும் மாற்றுவது கேடு. வெப்பநிலை திடீரென மாறும்.

தோல் பதனிடும் ஆலைகளால் திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சில பகுதிகளில் நிலத்தடி நீர் உப்பேறியிருப்பது அனைவரும் அறிந்த துயரம். தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றி 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது. நிலத்துக்குள் இறங்கிய உப்போ எளிதில் அகலுவதில்லை. மீன் நோய்க்குக் கல்லுப்பு நல்லது, லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை இடலாம் என்று நூல்கள் கூறும். இயல்பாகவே உப்பு மிகுந்த கிணற்று நீருக்கு மேலும் உப்பிடுவதற்கு முன், அந்நீரைச் சோதித்தல் இன்றியமையாதது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். ஓர் ஊரில் ஐந்தாறு குடும்பங்கள் இத்தொழிலில் இருப்பின், பஞ்சாயத்தே முன்னின்று ஊரின் கிணறுகளை ஒருங்கே சோதித்து, முடிவை அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். அது மீனுக்கு மட்டுமன்றிக் குடிக்கும் மக்களுக்கும் உதவும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வட்டாரங்களில் ஃபுளூரைடு மிகுதி பற்றிய கவலை நெடுநாளாக உண்டு.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். மார்கழி, தை மாதங்களில் ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி பகலில் வெயிலில் காய்ந்து இரவில் விரைந்து குளிரும். தங்க மீன் அதைப் பொறுக்கும். ஏஞ்சல் மீனும் சண்டை மீனும் வெப்ப நாட்டு உயிர்கள். நீர் குளிர்ந்தால் அவற்றின் குடல் இயக்கம் தளர்ந்து மாலையில் தின்றது செரியாமல் நிற்கும். அம்மாதங்களில் மாலைத் தீவனத்தை நிறுத்தி, காலை பத்து மணிக்குப் பின் இடுவதும், இரவில் தொட்டியின் மேல் சாக்கு விரித்து மூடுவதும் போதுமானவை.

குஞ்சு மீனும் எண்ணெய்ப் படலமும்

இப்பகுதியைக் குஞ்சு பொரிப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் காற்றுப்பை வெறுமையாகவே இருக்கும். பெரும்பாலான இனங்களில், குஞ்சு நீந்தத் தொடங்கும் முதல் சில நாட்களுக்குள் நீர்ப்பரப்புக்கு ஏறி ஒரு மிடறு காற்றை விழுங்கினால்தான் பை முதன்முதலாக விரியும். ஏஞ்சல் முதலிய வகைகளில் அதன் பின் குழாய் அடைபட்டுவிடும். அந்த நாட்களைத் தவறவிட்ட குஞ்சு வாழ்நாள் முழுதும் அடியிலேயே வயிற்றைத் தேய்த்துத் துள்ளித் துள்ளிச் செல்லும். அதற்கு மருந்தே இல்லை.

குஞ்சு காற்றைப் பெறாமல் தடுப்பது எது? நீரின் மேல் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம். நம் பக்கத்தில் கடலைப்புண்ணாக்கும் தவிடும் மலிவு. அவற்றைக் கரைத்துக் குஞ்சுத் தொட்டியில் ஊற்றினால் எண்ணெய் மேலே படரும். வானவில் நிறத்தில் மினுங்கும் அந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும் வலிமை ஊசிமுனையளவுக் குஞ்சுக்கு இல்லை. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் இவ்வாறு ஊனமாவதைப் பலர் ‘விதி’ என்று விட்டுவிடுகின்றனர். காலையும் மாலையும் பழைய செய்தித்தாளின் தாள் ஒன்றை நீர்ப்பரப்பில் மெல்லப் பரப்பி எடுத்தால் எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காற்றுக் குமிழ்கள் மென்மையாக எழுந்து பரப்பைக் கலைத்துக்கொண்டிருப்பதும் நன்று. முதல் இரண்டு வாரங்களுக்குப் புண்ணாக்கைத் தவிர்த்து, பச்சை நீரில் வளரும் நுண்ணுயிர்களையும் வடிகட்டிய டாஃப்னியாவையும் இடுக.

தொற்றும், தவறான மருந்தும்

ஐரோப்பியக் கெண்டைப் பண்ணைகளைக் காற்றுப்பை அழற்சி சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிதும் வருத்தியது. தொடக்கத்தில் வைரஸ் என்று ஐயுற்றனர். பிறகு அங்கேரி நாட்டு ஆய்வாளர்கள், இளங்கெண்டைகளின் இரத்தத்திலும் காற்றுப்பைச் சுவரிலும் பெருகும் ஸ்பீரோஸ்போரா என்னும் நுண்ணொட்டுண்ணியே காரணம் எனத் தெளிவுபடுத்தினர். இதை ஈண்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நுண்நோக்காடியும் கற்றறிந்தவர்களும் இருந்த இடத்திலேயே காரணம் காண ஆண்டுகள் பல ஆயின. அவ்வாறிருக்க, கவிழ்ந்த மீனைக் கண்ணால் பார்த்த அளவில் “இது கிருமி” என்று துணிந்து, மனிதருக்கான கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் தூவுவது எவ்வகையில் பொருந்தும்? அம்மருந்து, கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மை செய்யும் நன்மைப் பாக்டீரியாவையும் கொல்லும். மறுநாள் அம்மோனியா ஏறி நலமாயிருந்த மீனும் சாகும். குறைந்த அளவில் பழகிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுவது ஊருக்கே ஆபத்து. ஊசியால் வயிற்றைக் குத்திக் காற்றை எடுப்பதாகச் சொல்லும் கைவைத்தியத்தையும் அறவே விலக்க வேண்டும். இரைச்சீர்திருத்தமும் நீர்மாற்றமும் செய்து ஒரு வாரத்துக்கு மேலும் மீன்கள் தொடர்ந்து கவிழ்ந்தால், உயிருள்ள இரண்டு மூன்று நோய் மீன்களை அதே நீரில் வைத்துக் காந்திகிராமத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ காட்டி அறிவுரை பெறுக. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியும் உண்டு. செத்து நாறிய மீனைக் கொண்டுசெல்வதால் பயனில்லை.

பிழைக்காத மீனும் ஊர்க் கண்மாயும்

தேறாத மீனை என்ன செய்வது? கொல்ல மனமின்றிக் கண்மாயிலோ ஊருணியிலோ விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று கருதுவோர் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அந்த மீனோடு அதன் நோயும் கண்மாய்க்குச் செல்லும். அங்கே குத்தகைக்கு எடுத்தவர் விட்ட கட்லாவும் ரோகுவும் தங்க மீனின் உறவினங்களே. நலமான வண்ண மீனையும் விடலாகாது. தொட்டிச் சுவரின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இவ்வாறு விடப்பட்டுத் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகிவிட்டது. அது கரையைத் துளைக்கிறது, முள்ளால் வலையைக் கிழிக்கிறது, தின்பாரும் இல்லை.

பல நாள் முயன்றும் நிமிராது, இரை எடுக்காது, முதுகு காற்றுப்பட்டுப் புண்ணான மீனைத் துன்பமின்றி முடிப்பதே இரக்கமாகும். கிராம்புத் தைலத்தை லிட்டர் நீருக்கு அரை மில்லிலிட்டர் வீதம், முதலில் சிறிது வெதுவெதுப்பான நீரில் நன்கு குலுக்கிப் பால்போல் ஆக்கிக் கலந்து, அதில் மீனை விட்டால் மயங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அதிலேயே வைத்திருந்து, கிணற்றுக்கும் கண்மாய்க்கும் விலகிய இடத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க. அம்மீன் இருந்த வலையையும் தொட்டியையும் கழுவி வெயிலில் இரண்டு நாள் காயவிடுக. பெருந்தொட்டியில் அகற்றிய கழிவு நீரை வாய்க்காலில் விடாமல் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்து உண்டு. உப்பிட்ட நீரை மட்டும் தென்னைக்கன்றி வேறு பயிருக்கு விட வேண்டா.